ஜாடியின் சொந்த ஊர் எது?

மைசூர் மைன்ஸ், சாம்பியன் ரீஃப், ஊரிகாம் என்று நம் பகுதியில் எந்த லைனில் வீடு காலியானாலும் முதலில் விலைக்குப் போவது பித்தளை அண்டாவும் செம்புத் தவலையும்தான். அவை போன பிறகு பரண்மேலிருந்து பீங்கான் ஜாடிகள் இறங்கும். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டதிலிருந்து இப்படி இறங்கிய ஜாடிகள் எத்தனையோ. வாங்க வருகிற வியாபாரி ஒன்றைத் தட்டிப் பார்த்து "சீனா ஜாடி" என்பார். இன்னொன்றை "ஜெர்மன் சாமான்" என்பார். மற்றொன்று "துரை பங்களா சாமான்" ஆகிவிடும். பெயருக்கேற்ப விலையும் ஏறி இறங்கும். மறுத்துச் சொல்ல வீட்டாரிடம் ஆதாரம் கிடையாது. "தாத்தா காலத்து ஜாடி" என்பதோடு அதன் சரித்திரம் நின்றுவிடுகிறது.

ஒரு மண்சாமான் எந்த ஊரில் பிறந்தது என்று கண்டுபிடிக்க முடியுமா? முடியும். அதற்கென்று ஒரு முறையே வளர்ந்திருக்கிறது. அந்த முறையைப் புரிந்துகொள்ள ஏற்றது, ஜெர்மனியில் ரைன் நதியை ஒட்டிய ஊர்களில் செய்யப்பட்ட ஸ்டோன்வேர் ஜாடிகளின் கதை. ஜெர்மனிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். அந்த ஜாடிகள் டச்சுக் கப்பல்களில் ஏறிக் கீழைக் கடலுக்கு வந்தவை. மேலும், அவற்றைச் செய்தவர்களும் நம்மைப்போல் பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் போனவர்கள். அதனாலேயே அவர்கள் செய்த ஜாடியின் ஊரைக் கண்டுபிடிப்பது பெரிய சிக்கலாயிற்று.

முதலில் ஸ்டோன்வேர் என்றால் என்ன என்று பார்ப்போம். நம் ஊர்க் குயவர் சுடும் பானை ஏறக்குறைய 800 அல்லது 900 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் வெந்துவிடும். அதில் நுண்ணிய துளைகள் இருக்கும். தண்ணீர் கசிந்து ஆவியாவதால்தான் பானைத் தண்ணீர் குளிர்கிறது. சில வகைக் களிமண்ணை 1200 முதல் 1300 டிகிரி வரை சூடேற்றினால் மண்ணின் ஒரு பகுதி உருகிக் கண்ணாடிபோல் ஆகித் துளைகளை அடைத்துவிடும். பிறகு அது கல்தான், தண்ணீரைக் குடிக்காது. எல்லா மண்ணும் இந்தச் சூட்டைத் தாங்காது. சாதாரணச் செங்கல் மண் குழைந்து உட்கார்ந்துவிடும். தாங்குகிற மண் கிடைக்கும் ஊர்கள் உலகில் குறைவு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

சூளை உச்ச சூட்டில் இருக்கும்போது மேலே உள்ள துளைகள் வழியாகச் சமையல் உப்பைப் போடுவார்கள். உப்பு ஆவியாகிப் பிரியும். அதிலுள்ள சோடியம் மண்ணிலுள்ள சிலிக்காவோடு கூடிப் பாண்டத்தின்மேல் கண்ணாடிப் படலமாகப் படியும். குளோரின் அமிலப் புகையாக வெளியேறும். உப்பு மெருகிட்ட பாண்டத்தைத் தடவிப் பார்த்தால் ஆரஞ்சுப் பழத் தோல்போல் சிறு குழிகள் தெரியும். ரயில்வேயில் சாக்கடைக்குப் பதித்த எஸ்.டபிள்யூ. பைப்புகள் இந்த வகைதான். ராணிகஞ்சில் பர்ன் கம்பெனியும், நம்மில் பலருடைய பூர்வீக ஜில்லாவான வட ஆற்காட்டில் ராணிப்பேட்டை பாரி கம்பெனியும் செய்து அனுப்பியவை அவை. பைப்பைப் பரிசோதிக்கும்போது சுத்தியலால் லேசாகத் தட்டுவோம். மணிபோல் ஒலித்தால் நல்லது. மந்தமாக ஒலித்தால் விரிசல். அந்தப் பழக்கத்தில் இன்றும் எந்த ஜாடியைக் கண்டாலும் விரல் தானாகத் தட்டுகிறது.

ரைன் கரையில் இந்தத் தொழில் 1300-ஐ ஒட்டி முழு வளர்ச்சி பெற்றது. பான் நகருக்கு எதிர்க்கரையில் உள்ள சீக்பர்க் ஊரின் மண்ணில் இரும்பு குறைவு. ஆகவே பாண்டம் வெளிறிய சாம்பல், சில சமயம் ஏறக்குறைய வெள்ளை. இன்று பெல்ஜிய எல்லைக்குள் இருக்கும் ரேரன் ஊரின் பாண்டம் பழுப்பு. கொலோன் நகரிலும், அதன் பக்கத்தில் உள்ள ஃபிரெஹன் ஊரிலும் செய்தவை புள்ளிபுள்ளியாகப் பழுப்பு மெருகு ஏறியவை. கழுத்தில் தாடிக்கார முகம் ஒன்று புடைப்பாக இருக்கும். வெஸ்டர்வால்டு மலைப் பகுதியில் செய்தவை சாம்பல் நிறத்தின்மேல் கோபால்ட் நீலம் தீட்டியவை. அந்த மலைப் பகுதிக்கு ஜாடி சுடுபவர் நாடு என்றே அவர்கள் மொழியில் பெயர். சூளை எரிக்க விறகும், கொண்டுபோக ரைன் நதியும் இருந்தன.

நிறத்தைப் பார்த்து ஊரைச் சொல்லிவிடலாம் என்றுதான் பழைய அருங்காட்சியகக்காரர்களும் நினைத்தார்கள். குயவர்கள் இருந்த இடத்திலேயே இருந்திருந்தால் அது சரியாகவே இருந்திருக்கும்.

கொலோன் நகரசபைக்குக் குயவர்களைப் பிடிக்கவில்லை. ஊருக்கு நடுவே சூளை எரிந்தால் தீப்பிடிக்கும். விறகு விலையும் ஏறும். 16ஆம் நூற்றாண்டின் நடுவில் அவர்கள் மேல் நெருக்கடி அதிகமாகி, தொழில் ஃபிரெஹனுக்குப் போய்விட்டது. 1580களில் கொலோன் போர் வந்தபோது சீக்பர்க் பெரிதும் பாதிக்கப்பட்டது. அந்த நூற்றாண்டின் முடிவில் சீக்பர்க்கின் க்னூட்கன் குடும்பத்தாரும் ரேரனின் மென்னிக்கன் குடும்பத்தாரும் வெஸ்டர்வால்டுக்குக் குடிபெயர்ந்து, ஹோர், கிரென்ஸ்ஹவுசென் என்ற பக்கத்துப் பக்கத்து ஊர்களில் சூளை போட்டார்கள்.

குடிபெயர்கிறவன் எதை எடுத்துப் போவான்? தொழிலை எடுத்துப் போவான். கருவியை எடுத்துப் போவான். இந்தக் குயவர்கள் தங்கள் அச்சுகளையும் எடுத்துப் போனார்கள். ஜாடியின் வயிற்றில் புடைப்பாக இருக்கும் வேதாகமக் காட்சிகளும் அரசர்களின் சின்னங்களும் நடனமாடும் குடியானவர்களும் அச்சில் அழுத்தி ஒட்டியவை. ரேரன் அச்சை வெஸ்டர்வால்டு மண்ணில் அழுத்தினால் ரேரன் படம் வந்துவிடும். அச்சில் ஆண்டு பொறித்திருந்தால் அதே ஆண்டு பத்து இருபது வருடம் கழித்துச் செய்த ஜாடியிலும் விழும். அது அச்சு வெட்டிய ஆண்டு. ஜாடி செய்த ஆண்டு அல்ல. அருங்காட்சியகச் சீட்டுகளில் இதனால் வந்த குழப்பம் கொஞ்சமல்ல. அச்சையும் கைப்பழக்கத்தையும் கொண்டுபோக முடிந்தது. மலையைக் கொண்டுபோக முடியவில்லை. மண் மட்டும் அந்தந்த ஊரிலேயே நின்றுவிட்டது.

முத்திரைகளும் இதே மாதிரிதான். தாடிக்கார ஜாடி பலவற்றின் வயிற்றில் ஆம்ஸ்டர்டாம் நகரச் சின்னம் இருக்கும். அது வாங்கியவர் ஊர். செய்த ஊர் அல்ல. வெஸ்டர்வால்டு நீல ஜாடிகளில் கிரீடத்தின் கீழ் "ஜி.ஆர்." என்று காணலாம். பழைய காசுகளில் பார்த்த ஜார்ஜ் என்ற பெயர்தான் அது. ஆனால் அந்த நாளைய ஜார்ஜ் மன்னர்கள். இங்கிலாந்துச் சந்தைக்காக ஜெர்மானியக் குயவன் பொறித்தது. இங்கிலாந்து ராஜா பெயர் இருப்பதால் இங்கிலாந்துச் சாமான் என்று யாராவது விலை சொன்னால் நம்ப வேண்டாம். தாடிக்கார ஜாடிக்கு "பெல்லார்மின்" என்று ஆங்கிலேயர் வைத்த பெயரும் கேலிப் பெயர்தான். கர்தினால் பெல்லார்மின் பிறந்தது 1542. அவர் பெயர் பெறுவதற்கு முன்பே தாடி முகம் வந்துவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் தண்ணீர்ப் பாட்டில். ஜெர்மனியில் செல்ட்டர்ஸ் என்ற ஊரில் வாயு கலந்த ஊற்றுநீர் உண்டு. வெள்ளைக்காரர் சோடாவை "செல்ட்ஸர்" என்பது அந்த ஊர்ப் பெயரால்தான். அந்த நீரையும், 1852-இல் ஆர் பள்ளத்தாக்கில் ஜார்ஜ் கிராய்ட்ஸ்பர்க் கண்ட அப்பொல்லினாரிஸ் ஊற்றின் நீரையும் உயரமான பழுப்பு ஸ்டோன்வேர் பாட்டில்களில் அடைத்து உலகமெங்கும் அனுப்பினார்கள். தோளில் வட்டமாகப் பெரிய முத்திரை இருக்கும்: ஊற்றின் பெயர், ஆட்சியின் பெயர். நாசௌ கோமகன் ஆட்சி என்று செல்ட்டர்ஸ் பாட்டிலில் இருந்தால் அது 1806-க்கும் 1866-க்கும் இடைப்பட்டது; 1866-இல் பிரஷ்யா அந்த நாட்டைச் சேர்த்துக்கொண்டது. ஆக, பெரிய முத்திரை காலத்தைச் சொல்கிறது, தண்ணீரின் ஊரைச் சொல்கிறது. பாட்டில் பிறந்த ஊரைச் சொல்லவில்லை. வெஸ்டர்வால்டுக் கிராமங்களில் குயவர் குயவராகப் பங்கிட்டுச் செய்தவை அவை. கைப்பிடிக்குப் பக்கத்தில் கண்ணில் படாத அளவில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். எழுத்து கிராமத்தைக் குறிக்கும். எண் குயவரைக் குறிக்கும். சொந்த ஊரைச் சொல்வது அந்தச் சின்ன எழுத்துதான்.

இதற்கு நேர்மாறு நம் மங்களூர் ஓடு. ஜெர்மானியரான ஜார்ஜ் பிளெப்ஸ்ட் 1865-இல் மங்களூரில் பாசல் மிஷனுக்காகத் தொடங்கியது அந்தத் தொழில். ஓட்டைத் திருப்பினால் கம்பெனிப் பெயரும் ஊர்ப் பெயரும் கொட்டை எழுத்தில் இருக்கும். அங்கே முத்திரை சொல்வது உண்மை. எல்லா முத்திரையும் பொய் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. எதன் முத்திரை என்று கேட்டுக்கொண்டால் போதும்.

முத்திரையும் அச்சும் கைவிட்ட இடத்தில் மிஞ்சுவது மண். அதை எப்படிப் படிப்பது? நம் மைன்ஸ்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். அஸ்ஸே ஆபீஸில் என்ன செய்தார்கள்? பாறையைப் பொடித்துச் சிறு மாதிரி எடுத்து, ஒரு டன்னில் எத்தனை கிராம் தங்கம் என்று கணக்கிட்டார்கள். பத்து லட்சத்தில் சில பங்கே இருக்கும் பொருளை அளக்கும் வேலை அது. களிமண்ணிலும் இவ்வாறு மிகச் சிறு அளவில் குரோமியம், லாந்தனம், சீரியம், ஹாஃப்னியம் போன்ற தனிமங்கள் உண்டு. எந்தப் பாறை சிதைந்து அந்த மண் உண்டாயிற்றோ, அதற்கேற்ப இவற்றின் விகிதம் ஊருக்கு ஊர் மாறும். சூளைச் சூடு இந்த விகிதத்தைக் கலைப்பதில்லை. குயவனுக்கு இவை இருப்பதே தெரியாது. ஆகவே அவன் மாற்றவும் முடியாது.

ஜாடியின் அடியில் ஒரு சிட்டிகைத் தூள் எடுத்து, அணு உலையில் நியூட்ரான்களால் தாக்குவார்கள். ஒவ்வொரு தனிமமும் கதிரியக்கம் பெற்றுத் தனக்கே உரிய காமாக் கதிரை வெளியிடும். அதை அளந்து இருபது முப்பது தனிமங்களின் அளவைக் குறிப்பார்கள். பான் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் மோம்சென் என்ற இயற்பியலாளரின் குழு இந்த வேலைக்குப் பெயர் பெற்றது. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்திலும் செய்தார்கள். 1997-இல் டேவிட் கெய்ம்ஸ்டர் எழுதிய ஜெர்மன் ஸ்டோன்வேர் பற்றிய பெரிய நூலில் அம்முடிவுகளும் இடம்பெற்றன.

ஆனால் ஓர் எண் பட்டியலை வைத்துக்கொண்டு என்ன செய்ய? ஒப்பிட இன்னொரு பட்டியல் வேண்டாமா? அங்கேதான் குப்பை மேடு உதவுகிறது. சூளையில் கோணியதும் வெடித்ததும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதுமான பாண்டங்களை யாரும் விலைக்கு வாங்கமாட்டார்கள். அவற்றைச் சூளைக்குப் பக்கத்திலேயே கொட்டுவார்கள். நல்ல ஜாடி உலகம் சுற்றும். கெட்ட ஜாடி பிறந்த ஊரிலேயே கிடக்கும். அதன் ஊரில் சந்தேகமே இல்லை. ஆகவே குப்பை மேட்டு ஓட்டின் மண்ணை அடிப்படையாக வைத்து, ஊர் தெரியாத ஜாடியின் மண்ணை அதோடு ஒப்பிடுகிறார்கள். சயனைடு மேட்டைத் தினம் பார்த்து வளர்ந்த நமக்கு, ஒரு தொழிலின் நம்பகமான சாட்சி அதன் கழிவுதான் என்பது புதுச் செய்தி அல்ல.

இங்கிலாந்தில் ஜான் டுவைட் என்பவர் 1672-இல் கொலோன் பாண்டம் செய்யும் ரகசியத்தைக் கண்டுபிடித்ததாகப் பேடண்ட் வாங்கினார். அவருடைய ஃபுல்ஹாம் தொழிற்கூடத்தை 1970களில் தோண்டியபோது தாடிக்கார ஜாடிகளின் பழுதான ஓடுகள் கிடைத்தன. அதுவரை தாடி முகம் என்றால் ஜெர்மனி என்று எழுதி வைத்தவர்கள் சீட்டை மறுபடி பார்க்க வேண்டியதாயிற்று.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. ஹோர், கிரென்ஸ்ஹவுசென் இரண்டும் ஏறக்குறைய ஒரே மண்படுகையின்மேல் இருப்பவை. இன்று இரண்டும் சேர்ந்து ஒரே நகரம். அவற்றைப் பிரித்துச் சொல்வது கடினம். குயவன் இரண்டு குழி மண்ணைக் கலந்திருந்தால் கணக்கு நடுவில் எங்கோ போய் நிற்கும். இப்போது துப்பாக்கிபோல் கையில் பிடித்து எக்ஸ்ரே கதிரால் சோதிக்கும் கருவி வந்திருக்கிறது. அதை மெருகின்மேல் வைத்தால் மெருகைத்தான் படிக்கும். உடைந்த விளிம்பில் வைக்க வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் சான்றிதழ் தருகிறவர்களும் இருக்கிறார்கள்.

நம் கரைக்கு வருவோம். டச்சுக்காரர் பழவேற்காட்டில் 1610-இலும் நாகப்பட்டினத்தில் 1658-இலும் கால் ஊன்றினார்கள். அவர்கள் கப்பல்களில் தாடிக்கார ஜாடிகள் இருந்தன என்பதற்குக் கடலடியிலேயே சாட்சி உண்டு. மேற்கு ஆஸ்திரேலியக் கரையில் 1629-இல் மூழ்கிய "பட்டாவியா", 1656-இல் மூழ்கிய "வெர்குல்டே டிராக்" இரண்டிலிருந்தும் அவற்றை எடுத்திருக்கிறார்கள். டச்சுக் கொடிக் கப்பலில் வந்ததால் அவை டச்சு ஜாடி ஆகிவிடுமா? மண் ரைன் கரை மண்தான்.

இந்த வழியில் தமிழ்நாட்டிலும் நல்ல வேலை நடந்திருக்கிறது. அரிக்கமேட்டில் 1945-இல் வீலர் தோண்டிய இடத்தின் மதுச்சாடி ஓடுகளில் சிலவற்றில் கறுப்பு எரிமலை மணல் இருக்கிறது. வெசூவியஸ் எரிமலையைச் சுற்றிய இத்தாலியப் பகுதியின் அடையாளம் அது. ராமநாதபுரம் கடற்கரையில் பெரியபட்டினத்தில் 1980களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. பேராசிரியர் சுப்பராயலுவும் ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமாவும் அவற்றை ஆராய்ந்தார்கள். பச்சை மெருகு ஓடுகளில் லுங்சுவான் சூளைகளின் சரக்கு உண்டு. சும்மா "சீனா சாமான்" என்று நிறுத்தாமல், சீனாவில் எந்தச் சூளை என்பதுவரை போனார்கள்.

பெயரை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு மர்த்தபான் ஜாடியைவிட நல்ல உதாரணம் இல்லை. மர்த்தபான் பர்மாவில் ஒரு துறைமுகம். அங்கிருந்து கப்பலேறிய பெரிய மெருகு ஜாடிகளுக்கு அந்தப் பெயர் நிலைத்தது. இபன் பதூதா தம் பயணக் குறிப்பில் இஞ்சி, மிளகு, எலுமிச்சை, மாங்காய் ஊறுகாய் நிரம்பிய மர்த்தபான்களைச் சொல்கிறார். வடநாட்டில் இன்றும் ஊறுகாய் ஜாடிக்கு "மர்த்தபான்" என்றே பெயர். ஆனால் அந்தப் பெயரில் விற்ற ஜாடிகளில் கணிசமானவை தென்சீனாவில் செய்தவை. ரயில் ஏறிய ஸ்டேஷனைச் சொந்த ஊர் என்று எழுதுவதுபோல் இது. பங்காருப்பேட்டையில் இறங்கி மாரிக்குப்பம் வண்டி மாறி வந்த நம் பாட்டனாரை யாராவது பங்காருப்பேட்டைக்காரர் என்று எழுதினால் ஒப்புக்கொள்வோமா? "பீங்கான்" என்ற சொல்லே பாரசீகத்திலிருந்து வந்ததுதான்.

இனி நம் வீட்டு ஜாடி. மேல் பாதி காப்பிப் பழுப்பும் கீழ்ப் பாதி வெண்மஞ்சளுமாக, திருகாத மூடியோடு இருக்கும் ஊறுகாய் ஜாடி உங்களிடம் இருந்தால், அது ஜெர்மன் உப்பு மெருகு அல்ல. அந்த இரட்டை நிற மெருகு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 1835-ஐ ஒட்டி வந்தது. பிறகு இந்திய ஆலைகளும் அதையே பின்பற்றின; உத்தரப் பிரதேசத்துக் குர்ஜா ஊர் ஜாடிகள் நாடெங்கும் விலையாகின்றன. நம் வீடுகளில் இருப்பவற்றில் பெரும்பாலானவை இந்திய மண் என்றே நான் கருதுகிறேன். அதனால் மதிப்புக் குறைந்தது என்று யாரும் எண்ண வேண்டாம். பாட்டி ஐம்பது வருடம் நார்த்தங்காய் போட்ட ஜாடிக்கு ஜெர்மனி என்ற பட்டம் தேவையில்லை.

பார்க்க விரும்புகிறவர்கள் ஜாடியைக் கவிழ்த்து, மெருகு ஏறாத அடிப்பாகத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மண்ணின் உண்மையான நிறம் அங்கேதான் தெரியும். கைப்பிடி ஒட்டிய இடம், தோள், அடி விளிம்பு இவற்றில் சின்ன எழுத்தோ எண்ணோ உண்டா என்று விரலால் தடவித் தேடுங்கள். விளிம்பு உடைந்திருந்தால் உடைப்பின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். உறிஞ்சினால் அது ஸ்டோன்வேர் அல்ல. அடிப்பாகத்தைச் செங்கல் தூளோ கம்பியோ போட்டுத் தேய்க்க வேண்டாம். படிக்க வேண்டியது அதில்தான் இருக்கிறது. வெளியில் கிடைக்கும் ஓடுகளுக்கு அவை கிடந்த இடமே பாதி ஆதாரம். ஆகவே பழைய மேடுகளைக் கிளறி ஓடு பொறுக்குவது கூடாது.

விற்பதானாலும் பிள்ளைகளுக்குக் கொடுப்பதானாலும், ஜாடியை வாங்கியது யார், எந்தச் சந்தையில் அல்லது எந்த ஊரில், ஏறக்குறைய எந்த வருடம், அதில் என்ன போட்டு வைத்தார்கள் என்பதை வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு ஒரு சீட்டில் எழுதி உள்ளே போடுங்கள். ஆண்டர்சன்பேட்டையில் வாங்கியதா, கல்யாணச் சீராகத் திருப்பத்தூரிலிருந்து வந்ததா என்ற இந்தச் செய்தி எந்த அணு உலையிலும் கிடைக்காது. சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள். மை ஈரத்தில் கரைந்துவிடும்.